ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’

காலை எட்டு மணி ஆனால் பெரியவர் மேசை முன் உட்கார்ந்துவிடுவார். குளித்து, சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாட்சிக் கூண்டில் ஏறியவர் போல முதுகை நிமிர்த்தி உட்காருவார். மருத்துவமனையில் கொடுத்த நோட்டு அவர் எதிரே விரிந்திருக்கும். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள். தூக்கம், சாப்பாடு, காய்ச்சல், தலைவலி, நடை, பேச்சு என்று ஆறு கட்டங்களை ஆற அமர நிரப்புவார். ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நிற்கும்.

‘வழக்கத்துக்கு மாறான நடத்தை ஏதேனும் உண்டா? இருப்பின் விவரிக்கவும்.’

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த நேரம் பார்த்து, பால்கனியில் நிற்கும் தம்பி எதிர் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாளிடம் குரல் கொடுப்பான்.

“எங்கண்ணன் எழுத உக்காந்துட்டாரு. கொஞ்சம் மெதுவா ஊத்துங்க. முத்திரை விழுற நேரம்.”

அந்த அம்மாள் சிரிப்பாள். பெரியவருக்குக் காது மடல் சூடேறும். ‘இல்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடிவிடுவார்.

முத்திரை என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். முப்பத்துநான்கு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். குறைந்தால் மேலே குறுக்குக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவர் தெருவில் வந்தால் பாதிக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்; மீதிப் பேர் உள்ளே போய்விடுவார்கள். இரண்டுமே மரியாதை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். மனைவி போய் ஐந்து வருஷம் ஆயிற்று. பிள்ளை இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் ஐந்து வருஷமாகச் செய்தித்தாள்தான் உட்கார்ந்திருந்தது.

தம்பி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவன். அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அவர்தான். படிக்கவைத்து ஆபீசில் உட்காரவைக்கப் பார்த்தார். அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். முப்பத்துமூன்றாவது வயதில், இன்னொருவன் வீட்டிலிருந்து பெட்டியோடு வெளியேறி வந்த ஒருத்தியோடு குடித்தனம் வைத்தான். ரெடிமேட் கடையில் கால்சட்டை நீளம் குறைத்துக் கொடுக்கும் தையல்காரி அவள். பிறகு முறைப்படி பதிவும் செய்துகொண்டார்கள், கடிதம் வந்தது. பெரியவர் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் அவர் வீட்டுக் கூரையின் கீழ் சொல்லப்பட்டதில்லை. குடும்பத்து மானம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு யாராவது ஒருவர் காவல் நிற்கத்தான் வேண்டும், அது தன் தலையில் விழுந்தது என்று இருந்துவிட்டார்.

பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு நாள் தம்பியே போன் பண்ணினான். பேருந்தில் ஆறு மணி நேரத் தொலைவில் இருந்த அவனுடைய ஊரில், ஒரு லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். மூளையின் முன்பக்கத்தில் கட்டி. பொல்லாத வகை, எடுத்தாலும் திரும்ப முளைக்கிற ஜாதி. அதற்கு ஒரு புது வைத்தியத்தைப் பெரியவர் இருந்த ஊரின் மருத்துவமனையில்தான் சோதித்துப் பார்க்கிறார்களாம். அறுவை சிகிச்சையையும் அங்கேயே செய்கிறார்களாம். ஆறு மாதம் மருத்துவமனைக்கு அரை மணி தூரத்துக்குள் இருக்க வேண்டும், கூடவே பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்பது நிபந்தனை.

பெரியவர், “வா. நீ மட்டும் வா” என்றார்.

மறுமுனையில் தம்பி யாரிடமோ மெல்ல ஏதோ சொல்வதும், ஒரு பெண் குரல், “போங்க, உசுரு முக்கியம்” என்பதும் கேட்டது. அவர் கேட்காதது போல் போனை வைத்தார்.

அறுவை முடிந்ததும் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கட்டியை முடிந்த மட்டும் சுரண்டி எடுத்தாயிற்று. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேர்கள் சுற்றிலும் இருக்கும். மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கிற மருந்தை மூளை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிடும். அதனால் கட்டி இருந்த குழிக்குள் நூல் போன்ற ஒரு குழாயை வைத்து, அதன் மறுமுனையை மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு பொத்தானாக முடித்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பொத்தானில் ஊசி குத்தி மருந்தை நேராகக் குழிக்கே சொட்டச் சொட்ட அனுப்புவார்கள். மருந்துக்கு இன்னும் பெயர் இல்லை, நான்கு எண்கள்தான். முதல் தடவை குறைந்த அளவு, தாங்கினால் அடுத்தது கூட, அதையும் தாங்கினால் மூன்றாவது. பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பரிசோதனை என்பது அதுதான் என்றார் டாக்டர்.

அதற்குப் பொறுப்பான நர்ஸ் சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. நோட்டைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்துத்தான் அடுத்த அளவை முடிவு செய்வோம், இவருக்கு மட்டுமல்ல, இவருக்குப் பின்னால் வருகிற நோயாளிகளுக்கும்கூட என்று சொன்னாள். முதல் பக்கத்தில் ‘உடனிருப்பவர்’ என்ற தலைப்பின் கீழ், ‘நோயாளியை எவ்வளவு காலமாக அறிவீர்?’ என்று ஒரு வரி இருந்தது. பெரியவர் யோசிக்கவே இல்லை. ‘பிறந்ததிலிருந்து’ என்று எழுதினார்.

தம்பி வந்த முதல் நாளிலிருந்தே வீடு தலைகீழாகிவிட்டது. தலையில் கட்டோடு லிஃப்டில் ஏறியவன் கதவில் காதை வைத்துக் கேட்டு, “அண்ணே, இதுக்கு மூட்டு வலி. எண்ணெய் பார்த்துப் பல வருஷமாச்சு. உங்களை மாதிரியே விறைச்சுப்போய் நிக்குது” என்றான். லிஃப்டில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். குளிக்கும்போது வேண்டுமென்றே சுருதி தப்பிப் பாடினான். ரேடியோவில் செய்தி வாசித்தவனோடு சண்டை பிடித்தான். பெரியவர் தட்டில் சாப்பாட்டை வைத்தால், தட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு அவன் செல்போன் அடிக்கும். எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவான். அரை மணி, முக்கால் மணி அங்கே நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவான். பெரியவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

மூளையில் கத்தி பட்டவன் இப்படித்தான் இருப்பான் போலும் என்று அவர் தனக்குள் முடிவு கட்டிவிட்டார். கட்டிதான் இப்படிப் பேசவைக்கிறது. இல்லாவிட்டால் தன் கையால் வளர்த்தவன் பெரியவர் சின்னவர் தெரியாமல் ஆடுவானா? ஆனால் அதைக் கொண்டுபோய் அந்நியர் படிக்கிற நோட்டில் எழுதுவது எப்படி? வீட்டு அழுக்கை நடுத்தெருவில் அலசுவது போல அல்லவா ஆகும்? ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’ விழுந்தது.

உச்சமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவருடைய பழைய மேலதிகாரி நலம் விசாரிக்க வந்தார். பழங்கள் வாங்கி வந்திருந்தார். பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தம்பி முன்னால் சாய்ந்து, ரொம்பப் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டான்.

“ஐயா, எங்கண்ணன் ஆபீஸ்லயாவது சிரிச்சிருக்காரா? ஒரே ஒரு தடவை? வீட்டுல நாங்க யாரும் பார்த்ததில்ல, அதான்.”

மேலதிகாரி சிரித்துச் சமாளித்தார். தம்பி விடவில்லை. “எனக்குப் பொண்டாட்டி இருக்கா, தெரியுமாய்யா? பத்தொன்பது வருஷம் ஆச்சு. ஆனா இந்த வீட்டுல அவ பேரைச் சொன்னா அபராதம் கட்டணும்.”

வந்தவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பெரியவர் அவரை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. அன்றைய பக்கத்திலும் ‘இல்லை’தான்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு மெல்ல ஒரு மாற்றம் வந்தது. அது எந்த நாளில் தொடங்கியது என்று பெரியவரால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் காலை அவர் எழுத உட்கார்ந்தபோது பால்கனியிலிருந்து குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எதிர் மாடி அம்மாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டை வைத்தால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். எதைச் சொன்னாலும், “சரிண்ணே” என்றான்.

சரிண்ணே. இந்த ஒரு சொல்லுக்காகப் பெரியவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று மனம் நிறைந்து நம்பினார். மாலையில் இரண்டாவது நாற்காலியிலிருந்து செய்தித்தாளை எடுத்து மடித்துவைத்து அவனை உட்காரவைத்தார். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர் பழைய ஆபீஸ் கதைகளைச் சொல்வார்; அவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் அவர் குரலை அவர் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பக்கத்தில் இன்னொரு மூச்சு இருந்தது. அதுவே போதும் போல இருந்தது. ஏழு மணிக்குப் போன் அடிக்கும். தம்பி எழுந்து பால்கனிக்குப் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே காதில் வைத்து, உம், உம் என்று இரண்டு சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அதிலும் பெரியவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவர்கள் இருவரோடு ஆறு பேர். ஒரு பெண் அழத் தொடங்கினாள், ஒருவர் எல்லாப் பொத்தானையும் குத்தினார், ஒருவர் கதவைக் கையால் அறைந்தார். தம்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். பத்து நிமிஷம் கழித்து லிஃப்ட் அசைந்து இறங்கியது. எவ்வளவு பொறுமை என்று பெரியவர் பெருமைப்பட்டார். அன்று எட்டாவது கட்டத்தில், பொதுக்குறிப்பில், ‘மிகவும் அமைதியாக இருக்கிறார். முன்னேற்றம்’ என்று எழுதினார்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. விடிந்த கையோடு பால்கனிக்குப் போன தம்பி, எந்தக் கூச்சமும் இல்லாமல் அங்கிருந்த பூந்தொட்டியில் சிறுநீர் கழித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பெரியவர் ஓடிப்போய் எதிர் மாடியைப் பார்த்தார். நல்ல வேளை, யாரும் இல்லை. தொட்டியைத் தானே தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். எழுபது வயதில் அந்தத் தொட்டி கனத்தது. தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேசைக்கு வந்து, ‘இல்லை’ என்று எழுதினார். அன்றைக்கு மட்டும் எழுத்துச் சற்றுச் சாய்ந்துவிட்டது.

மூன்றாவது மருந்துக்கு நான்கு நாள் முன்னால் அவருடைய போன் அடித்தது. எடுத்தார்.

“சார், நான்...” என்று ஒரு பெண் குரல் தொடங்கி நின்றது. நான் யார் என்று சொல்வதற்கு அந்த வீட்டில் அவளுக்கு ஒரு சொல் இல்லை. பெரியவருக்குப் புரிந்துவிட்டது.

“என்ன?” என்றார்.

அவர் சரியாகப் பேசுவதே இல்லை சார், ஒரு வாரமாக என்னைக் கேலிகூடச் செய்யவில்லை, கொஞ்சம் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டாள். பெரியவருக்குச் சுருக்கென்றது. தன் தம்பியைப் பற்றித் தனக்கே ஒருத்தி பாடம் எடுப்பதா?

“அவன் இப்பத்தான் மனுஷனா இருக்கான்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மூன்றாவது மருந்து நாள் வந்தது. மருத்துவமனையின் அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் நொடி முள் சத்தம் போடும் ஒரு கடிகாரம். தம்பியைக் கட்டிலில் உட்காரவைத்து நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள். இது என்ன, அது என்ன? தம்பி நிதானமாக எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு, “நல்லாயிருக்கேன்” என்றான்.

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை என்று பாராட்டினாள். பெரியவர் லேசாகத் தலையசைத்தார். பெரிய ஊசி ஒன்று தட்டில் தயாராக இருந்தது. கடைசியாக ஒரு தாளை அவர் முன் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

“இதுல ஒரு கையெழுத்து. முன்னாடி எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்காருன்னு. உங்களைவிட அவரை நல்லாத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?”

பெரியவர் பேனாவை வாங்கினார். தாளின் மேல் முனையை வைத்தார். தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை; எதையுமே பார்க்கவில்லை. அவருக்குச் சட்டென்று அந்தச் சாய்ந்த எழுத்து ஞாபகம் வந்தது.

முன்னாடி எப்படி இருந்தான்?

அவர் வேலையில் இருந்த காலத்தில் வெல்வெட் பதித்த ஒரு பெட்டி உண்டு. அதற்குள் பித்தளை எடைக்கற்கள், கைபடாமல் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அந்தக் கற்களை வைத்துத்தான் ஊரிலுள்ள மற்ற கற்களைச் சரி பார்ப்பார். பெட்டி இல்லாமல் எந்தக் கடைக்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை. வெறும் கையால் தூக்கிப் பார்த்து இது சரி என்று முத்திரை குத்துகிற ஆளை அவர் வேலையைவிட்டே அனுப்பியிருப்பார். இங்கே அதைத்தான் ஆறு வாரமாகத் தினமும் காலையில் எட்டு மணிக்குச் செய்துகொண்டிருந்தார். பதினைந்து வயதுத் தம்பியை அவருக்குத் தெரியும். இருபது வயதில் எதிர்த்துப் பேசியவனைத் தெரியும். அதற்குப் பிறகு அவன் எப்படிச் சிரித்தான், எப்படிக் கோபப்பட்டான், காலையில் எழுந்ததும் முதலில் என்ன பேசினான் என்பது எதுவும் அவர் பெட்டியில் இல்லை. இருக்கும் இடம் ஒன்றுதான். அதை அவரே பூட்டி வைத்திருந்தார்.

“ஒரு நிமிஷம்மா” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நடையில் ஜன்னல் ஓரம் நின்று, நான்கு நாள் முன்பு வந்த எண்ணைத் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடி நின்ற சத்தம் கேட்டது.

“நான்தான் பேசுறேன்” என்றார். அதற்கு மேல் யார் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

“சொல்லுங்க சார். அவருக்கு ஏதாவது...”

“ஒண்ணும் ஆகல. ஒண்ணு கேக்கணும். அவன் எப்படி இருப்பான்?”

“புரியல சார்.”

“வழக்கமா. வீட்டுல. எப்படி இருப்பான்?”

அவள் சொல்லத் தொடங்கினாள். கண் விழித்ததிலிருந்து வாய் மூடமாட்டார் என்றாள். ரேடியோவோடு சண்டை போடுவார், குளிக்கும்போது தப்பாகப் பாடி எனக்கு எரிச்சல் மூட்டுவார், வாய்க்கு வந்தபடி எல்லாரையும் கிண்டல் செய்வார் என்றாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிப் பார்த்து, ‘எடை குறைவு, வழக்குப் பதிவு பண்ணு’ என்று விறைப்பாகச் சொல்வார், அது நீங்கள்தானாம் சார், உங்களை மாதிரியே நடித்துக் காட்டுவார் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல நிறுத்தினாள்.

பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “இங்க எதுக்கெடுத்தாலும் சரி, சரின்னுதான் சொல்றான்.”

“சரின்னா?” என்றாள். “பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட என்கிட்ட சரின்னு சொன்னதில்ல சார்.”

“போன வாரம் லிஃப்ட் நின்னுடுச்சு. பத்து நிமிஷம். எல்லாரும் கத்துறாங்க. இவன் மட்டும் சத்தம் போடாம நின்னான்.”

“லிஃப்ட் நின்னுச்சா? அவரு உள்ள இருந்தாரா?”

“இருந்தான்.”

“கதவுல காது வச்சுக் கேக்கலையா? யாரையும் திட்டலையா?”

“இல்ல.”

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு ஒரே வாக்கியம் சொன்னாள்.

“அது அவரு இல்ல சார்.”

பெரியவர் உள்ளே வந்தபோது நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தத் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

“ஊசி போடாதீங்கம்மா. நான் எழுதினது தப்பு.”

எது தப்பு என்று அவள் கேட்டாள். லிஃப்டைப் பற்றிச் சொன்னார். சரிண்ணே என்பதைப் பற்றிச் சொன்னார். பூந்தொட்டி விஷயம் வாயில் வரவில்லை. பேனாவை எடுத்து, அந்த நாளின் பக்கத்தைப் பிரித்து, நடந்ததை இரண்டு வரியில் எழுதி, அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் படித்தாள். ஊசித் தட்டைத் துணி போட்டு மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

தம்பியை ஸ்கேன் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். மருந்து சொட்டிய இடத்தைச் சுற்றி மூளை வீங்கியிருந்தது. மனிதனுக்கு ஒன்றைச் செய்ய வேண்டும், சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும் என்ற உந்துதலைக் கொடுக்கிற இடமாம் அது. வீக்கம் மருந்தால் வந்ததா, கட்டிதான் திரும்புகிறதா என்று இப்போதே சொல்ல முடியாது, வீக்கத்தை வற்றவைத்துப் பார்ப்போம், பரிசோதனையில் தொடர்வதைப் பிறகுதான் முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டர். இன்றைக்கு மூன்றாவது அளவும் போயிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பெரியவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மறுநாள் காலை தையல்காரி வந்து சேர்ந்தாள். பெரியவர் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை அவள். ஒல்லியான, நரை விழுந்த, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்போடு ஒரு பெண். கட்டிலருகே போய்த் தம்பியின் கையைப் பிடித்து, “என்னய்யா, எடை குறைஞ்சிருக்கு?” என்றாள். அவன் அவளைப் பார்த்தான். உதட்டில் ஏதோ அசைந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

நோட்டைத் திருத்த வேண்டும் என்றாள் நர்ஸ். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து. இதைப் பெரியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடையில் இருந்த நீள பெஞ்சில் அவர் ஒரு முனையில் உட்கார்ந்தார், அவள் மறுமுனையில். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். அவர் ஒவ்வொரு நாளையும் ஞாபகப்படுத்திச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, பழசு அல்லது புதுசு என்றாள்.

பால்கனியில் கத்தியது? பழசு. குளிக்கும்போது பாட்டு? பழசு சார். மேலதிகாரி வந்த அன்று நடந்ததைச் சொல்லும்போது பெரியவர் குரல் இறங்கிவிட்டது. அவள் கொஞ்சம் யோசித்து, அதுவும் பழசுதான் என்றாள். உங்கள் முன்னால் நேரில் சொல்லத் துணிச்சல் வர அவருக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கும் என்றாள். உட்கார்ந்த இடத்திலேயே போனில் உம் கொட்டியது? புதுசு. பேசாமல் சாப்பிட்டது? புதுசு. இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து கதை கேட்டது?

“ஒரு மணி நேரம் ஒண்ணும் சொல்லாமக் கேட்டாரா?”

“கேட்டான்.”

“புதுசு” என்றாள் மெதுவாக.

பெரியவர் அந்தப் பக்கங்களில் கோடு போட்டார். பூந்தொட்டி ஒன்றைத் தவிர, தான் மானம் போகிறதே என்று மறைத்ததெல்லாம் தம்பி. நிம்மதி என்று நினைத்ததெல்லாம் நோய். ‘முன்னேற்றம்’ என்ற சொல்லின் மேல் கோடு போடும்போது, முன்பு குறைந்த கல்லின் மேல் குறுக்குக் கோடு போட்டதைவிடக் கை கனத்தது.

கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தார்கள். ‘பிறந்ததிலிருந்து’ என்பதன் மேலும் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இனிமே நீ எழுதும்மா.”

அவள் தன் பெயரை எழுதினாள். எத்தனை காலம் என்பதற்குப் பத்தொன்பது வருஷம் என்று எழுதினாள். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. அவரைப் பார்த்தாள்.

“மனைவின்னு எழுது” என்றார் பெரியவர். “வேற என்ன எழுதுவே?”

அவள் எழுதினாள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடு பக்கத்தில்தான், இரண்டு அறை இருக்கிறது, இவன் தேறியதும் இரண்டு பேரும் அங்கேயே வந்துவிடலாம் என்று சொன்னார். இதைச் சொல்ல அவர் காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தார்.

“வீடு எனக்குத் தெரியும் சார்” என்றாள் அவள். “உங்க வீட்டுல அக்கா தவறினப்ப தெரு முனை வரைக்கும் வந்திருக்கேன். மருந்துக்கடை வாசல்ல நின்னேன்.” குரலில் குத்தல் இல்லை, எங்கே நின்றாள் என்பதை மட்டும் சொன்னாள். மருத்துவமனை விடுதியில் ஓர் அறை கேட்டிருக்கிறேன், ஏதாவது ஒன்று என்றால் ஓடிவரச் சௌகரியம், நீங்கள் சங்கடப்பட வேண்டாம் என்றாள்.

அவர் வற்புறுத்தவில்லை. நீ மட்டும் வா என்று சொன்னவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. முதல் முறையாகக் கதவில் காதை வைத்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியின் சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டு விடுதியில் கொடுத்துவிட்டு வந்தார். காலை எட்டு மணிக்குக் குளித்துப் பொத்தான் போட்டு மேசை முன் உட்கார்ந்து, எழுத ஒன்றும் இல்லாமல் எழுந்தார். எதிர் மாடி அம்மாள், “தம்பி எங்க? காணோமே?” என்று கேட்டாள். ஊரில் அவரிடம் யாரும் அப்படி வலிய வந்து பேசியதில்லை. மருத்துவமனையில் இருக்கிறான் என்று பதில் சொன்னார்.

தினமும் பகலில் போய்ப் பார்த்தார். தம்பி தூங்கிக்கொண்டிருப்பான், அல்லது விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார். மாலை இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்காருவார். மற்றொன்றில் செய்தித்தாளைப் போட மனம் வரவில்லை. ஏழு மணி ஆகும். இப்போது அந்த வீட்டில் எந்தப் போனும் அடிப்பதில்லை. ரேடியோவையும் அவர் வைப்பதில்லை.

ஒன்பதாம் நாள் ஏழு மணிக்கு அவரே எழுந்து, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். தம்பி சாய்ந்து நிற்கும் அதே இடத்தில், கைப்பிடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எண்ணை அழுத்தினார். அவள் எடுத்தாள். வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறதாம், டாக்டர் வேறு ஒன்றும் சொல்லவில்லையாம், கஞ்சி குடித்தாராம்.

“பேசினானா?”

அவள் தயங்கினாள். “சாயங்காலம் ஒரு வார்த்தை சொன்னாரு சார். சொல்லிட்டுச் சிரிச்சாரு. லேசாத்தான்.”

“என்ன சொன்னான்?”

“அது வேண்டாம் சார்.”

“என்னைப் பத்தியா?”

அவளுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிடுவதும், யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வதும் கேட்டது. பெரியவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“நோட்டுல எழுதினியா?”

“இல்ல சார். எப்படி எழுதுறது? நர்ஸெல்லாம் படிப்பாங்க. கொஞ்சம் மட்டு மரியாதை இல்லாம...”

“எழுதும்மா” என்றார் பெரியவர். “ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுது. ஏழாவது கட்டத்துல வேண்டாம், எட்டாவதுல, பொதுக்குறிப்புல எழுது.”

போனை வைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். எதிர் மாடியில் செடிகள் இருந்தன, யாரும் இல்லை. உள்ளே விளக்குப் போடாத வீட்டில் இரண்டு நாற்காலியும் மங்கலாகத் தெரிந்தன. தம்பி என்னதான் சொல்லியிருப்பான் என்று, அவனைப் போலவே வாயை வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.